நடுகைத் திகதியிலிருந்து பின்னோக்கி: கிரானில் நாற்றுத் தொழில்

மார்கழியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறி, அக்கரை ஊர்களுக்குப் படகு ஓடும் நாட்களில் மரக்கறித் தோட்டம் பற்றி யாரும் பேசமாட்டார்கள். நாற்று விற்று வாழ நினைப்பவர் விதை போட வேண்டியது அந்த நாட்களில்தான். தைப்பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து, மண் கால் வைக்க இடம் கொடுத்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் தேடும். அன்றைக்கு 35 நாள் வயதான கன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வியாபாரம். அன்று விதை வாங்கப் போகிறவர் மாசிக் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

உயர்தரம் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கிற தம்பி, தங்கைமாருக்கும், வீட்டு வளவில் கொஞ்சம் இடமும் நல்ல கிணறும் உள்ள அக்காமாருக்கும் இந்தத் தொழிலைத் துணிந்து சொல்வேன். வயல் தேவையில்லை, உழவு இயந்திரம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு கூரை, ஒரு நாட்காட்டி, ஒவ்வொரு நாளும் தவறாமல் கன்றைப் போய்ப் பார்க்கிற பழக்கம்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் விதைத்து வெளியே நடுவது சூட்டுக்காக. ஜன்னலோரத்தில் தட்டு வைத்து, பனி விலகும் வரை கன்றைக் காப்பாற்றுகிறார்கள். கிரானில் சூட்டுக்குக் குறைவில்லை. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் இருந்தால் போதும், அது நமக்கு வருடம் முழுவதும் கிடைக்கிறது. நம் ஊரில் கூரை கட்டுவது மூன்று காரணங்களுக்காக: மாரியில் அடித்துப் பெய்யும் மழை, சிறுபோகத்தில் வீசும் கச்சான் காற்று, எந்தக் காலத்திலும் ஓயாத வெண்ணிற ஈ. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நமக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டிவிடுகிறது. திறந்த பாத்தியில் போட்ட விதையை அந்த மழை ஒரே இரவில் கழுவிக்கொண்டு போகும். தப்பி முளைத்தவற்றை ஈரத்தில் வரும் நாற்றழுகல் தண்டடியில் பிடித்துச் சாய்த்துவிடும். ஆகவே மாரியில் கூரைக்குள் நாற்று வளர்க்கத் தெரிந்தவருக்கு ஊரில் போட்டி குறைவு.

முதற் கேள்வி

வாசலுக்கு வருகிறவர், “தம்பி, இருநூறு கொச்சிக்கண்டு கிடக்கா?” என்றுதான் கேட்பார். இருக்கிறது, இல்லை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். “எப்ப நடப்போறீங்க மாமா?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் உங்கள் தொழில் இருக்கிறது. தை 20 என்று அவர் சொன்னால், அது ஆங்கில மாதமா தமிழ் மாதமா என்று கேட்டுத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு கிழமை வித்தியாசம் வரும், மிளகாய்க் கன்றுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஜனவரி 20 நடுகை என்று வைத்துக்கொள்வோம். மிளகாய்க்கு 35 நாள் பின்னால் போனால் டிசம்பர் 16, அதாவது மார்கழி முதலாந் திகதி. கத்தரிக்கு 30 நாள், டிசம்பர் 21. தக்காளி 23 நாளில் தயாராகிவிடும், ஆகவே டிசம்பர் 28 வரை பொறுக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் மிளகாய் சரியாக இருக்கும்போது தக்காளி தட்டுக்குள் நீண்டு, வேர் சுற்றி, விற்க முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

ஒரு கொப்பி வாங்கிக் கோடு போடுங்கள். பெயர், பயிர், இனம், எத்தனை கன்று, நடும் திகதி, விதைக்கும் திகதி, முற்பணம். பாதிப் பணம் வாங்காமல் பெரிய கட்டளைக்கு விதை போடாதீர்கள். இது உறவினருக்கும் பொருந்தும், உறவினருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். முற்றிய கன்றை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது தள்ளிப்போட்டால், அந்த நட்டம் வாங்குகிறவரைவிட உங்களுக்கே.

எண்ணிக்கையும் நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். மிளகாயை 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 15,000 குழி வரும். கால் ஏக்கருக்கு 3,750. செத்த இடத்தை நிரப்ப 5 வீதம் சேர்த்தால் 3,940 அளவில். சிலர் குழிக்கு இரண்டு கன்று நடுவார்கள், அப்போது கணக்கு இரட்டிப்பாகும், எனவே அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கத்தரி 90க்கு 60 என்றால் ஏக்கருக்குச் சுமார் 7,500, தக்காளி 80க்கு 50 என்றால் 10,000 சொச்சம்.

இனி உங்கள் பக்கக் கணக்கு. 104 குழித் தட்டில் போட்ட எல்லா விதையும் முளைக்காது, முளைத்த எல்லாவற்றையும் விற்கவும் கூடாது. தட்டுக்கு 85 நல்ல கன்று தேறினால் அது கெட்டிக்காரத்தனம். 3,940 கன்றுக்கு 47 தட்டு வேண்டும், விதை ஏறத்தாழ 30 கிராம். 47 தட்டையும் அடுக்க ஏழு சதுர மீற்றர் இடம் போதும். நடக்க வழி விட்டாலும் சாதாரண அறை ஒன்றின் அளவுக்கு மேல் போகாது. விலை போடும்போது விதை, கலவை, வலையின் தேய்மானம், உங்கள் கூலி எல்லாவற்றையும் கூட்டி 85 ஆல் வகுங்கள். 104 ஆல் வகுக்கிறவர் முதற் போகத்திலேயே கையைச் சுட்டுக்கொள்வார். உங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்க வெட்கப்படவும் வேண்டாம். வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை என்று அதை விட்டுவிடுவதால்தான் பல நல்ல சிறுதொழில்கள் இலாபம் எங்கே போனது என்று தெரியாமலே மூடப்படுகின்றன.

கூரைக்குக் கீழே

மேலே தெளிவான பொலித்தீன், நாலு பக்கமும் 50 மெஷ் பூச்சிவலை, இரட்டைக் கதவு. வாடைக்காற்று பொலித்தீனைப் பிடுங்காமல் நான்கு மூலையையும் நிலத்தில் அடித்த முளையில் இழுத்துக் கட்டுங்கள். சிறுபோகத்துக்கு அதன் மேல் கறுப்பு நிழல்வலை வரும். மாரியில் அதைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முகில் மூடிய நாட்களில் கன்று வெளிச்சம் தேடி நூல்போல் நீளும்.

தட்டுகளை நிலத்தில் வைக்காதீர்கள். கம்பு நட்டு இடுப்பளவு உயரத்தில் பரண் போடுங்கள். வெள்ளம் வந்தாலும் பிழைக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேர். குழியின் அடியால் எட்டிப்பார்க்கும் வேர்நுனி காற்றுப் பட்டதும் காய்ந்து நின்றுவிடும், உள்ளே பக்கவேர்கள் கிளைக்கும். தட்டு நிலத்தில் இருந்தால் அந்த வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், விற்கிற அன்று தட்டைத் தூக்கும்போது அறுந்துபோகும். வாங்கியவர் மூன்றாம் நாள் கன்று வாடுது என்று வந்து நிற்பார்.

கலவைக்குத் தும்புத்தூளும் சலித்த கூட்டெருவும் சமபங்கு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். பழுக்காத மாட்டெருவைச் சேர்க்காதீர்கள், அதன் சூட்டிலேயே முளை கருகும். கலவையைக் கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். தாரையாக ஓடினால் ஈரம் அதிகம்.

விதையை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொலித்தீனால் சுற்றி வைத்தால் ஒன்றாக முளைக்கும். தக்காளி மூன்று நான்கு நாளிலும் மிளகாய் ஒரு கிழமைக்குக் கிட்டவும் தலைகாட்டும். ஆனால் நாளாந்தம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் முளை வெள்ளையாகத் தெரிந்த அன்றே அடுக்கைக் கலைத்துப் பரணில் பரப்புங்கள். ஒரு நாள் பிந்தினாலும் இருட்டுக்குள் நீண்ட கன்று பிறகு நிமிராது.

புது விதைப் பொதி வாங்கியதும் 100 விதையை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு இல்லை, கட்டளை எடுத்த பிறகு ஏமாறுவதைத் தடுக்கும்.

காலையில் பூவாளியால் தண்ணீர், வெயில் கூடினால் பிற்பகல் நேரத்தோடு இன்னொரு தடவை. பொழுதுபட்ட பின் இலையை நனைக்காதீர்கள். இலை ஈரத்தோடு இரவு கழிந்தால் நாற்றழுகலுக்குக் கதவு திறந்தாயிற்று. இரண்டு உண்மையிலை வந்ததும் அல்பேர்ட் உரக் கலவையை அரைச் செறிவில் கிழமைக்கு ஒரு தடவை கொடுக்கலாம். யூரியாக் கரைசல் ஊற்றிக் கரும்பச்சையாக்கி விற்பவர்களும் உண்டு. பார்வைக்கு அழகு, ஆனால் நட்ட பிறகு வெயிலைத் தாங்காது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாவியும் உப்பாறும் சூழ்ந்த பகுதி இது. மாரியில் இனிக்கும் கிணறு ஆடி, ஆவணியில் உவர்ப்பு ஏறலாம். மிளகாய்ப் பயிருக்குப் பாசன நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்று உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது. இளங்கன்று அதைவிட மென்மையானது, 0.75க்குள் வைத்திருங்கள். தக்காளி 1.7 வரை தாங்கும், கரட் 0.7ஐத் தாண்டினாலே சோரும். இந்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்று கிரான் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். உவர் ஏறினால் கூரையில் விழும் மழைநீரைத் தாங்கியில் பிடித்து நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஏழு சதுர மீற்றர் தட்டுக்கு அதிகம் செலவாகாது.

வேலைக்கு யாரையாவது வைத்தால் முதல் நாளே சொல்ல வேண்டிய விதி ஒன்று உண்டு. சுருட்டு, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை எதுவானாலும் வலைக்கு வெளியே. உள்ளே வருமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் வைரசு காய்ந்த புகையிலையிலும் உயிரோடிருக்கும், விரலில் ஒட்டிவந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும். வயதில் மூத்த ஐயா ஒருவரிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும். மரியாதையாக, ஆனால் சொல்லத்தான் வேண்டும். நோய் வந்த கன்றைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

தட்டுத் திரும்பி வந்ததும் மண்ணைத் தட்டிக் கழுவி, ஒரு பங்கு வெளுக்கும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கரைசலில் அரை மணி நேரம் அமிழ்த்தி, அலசிக் காயவையுங்கள்.

மறுக்க வேண்டிய கட்டளை

எல்லாவற்றுக்கும் நாற்று விற்க முடியாது. கரட், முள்ளங்கி கேட்டு யாராவது வந்தால் விதையை நேரே பாத்தியில் தூவச் சொல்லி அனுப்புங்கள். விற்கத் தெரியாதவர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். அவற்றில் நாம் உண்பதே ஆணிவேர். பிடுங்கி நடும்போது அதன் நுனி முறிந்தாலோ மடங்கினாலோ கிழங்கு இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து கோணிவிடும், சந்தையில் விலைபோகாது. பீற்றூட் கொஞ்சம் பொறுக்கும், அதை நாற்று நட்டும் எடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பார்ஸ்னிப் என்றொரு கிழங்கு உண்டு. வெள்ளைக் கரட்போலத் தோற்றம், உறைபனி பட்டால் இனிப்புக் கூடும். விதை ஒரு வருடத்துக்கு மேல் நம்பிக்கையில்லை, முளைக்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், ஆணிவேரோ தொட்டால் பொறுக்காது. குளிர் ஈரத்தில் விதை அழுகிவிடும் என்பதால் அங்குள்ள தோட்டக்காரர் சிலர் அதைக் கடதாசிமட்டைக் குழாயில் வீட்டுக்குள் முளைக்கவைத்து, வேர் குழாயின் அடியைத் தொடுவதற்கு முன் குழாயோடு மண்ணில் இறக்கிவிடுகிறார்கள். மட்டை மண்ணில் உக்கிவிடும், வேருக்குக் கைபடாது.

பார்ஸ்னிப் நமக்கு வேண்டாம், அந்த முறை வேண்டும். பாகல், புடோல், பீர்க்கு, பூசணி, பப்பாசி எல்லாம் வேர் அசைந்தால் கோபித்துக்கொள்கிற சாதி. பழைய பத்திரிகைத் தாளை ஒரு சோடாப் போத்தலில் சுற்றி அடியை மடித்தால் கூடு தயார். கலவை நிரப்பி, விதை போட்டு, கொடி வகைகளை இரண்டு உண்மையிலையில், சுமார் இரண்டு கிழமையில், தாளோடு நடக் கொடுங்கள். நடும்போது தாளின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது அடியிலுள்ள ஈரத்தை இழுத்து வெயிலுக்குக் கொடுத்துவிடும்.

இந்தத் தாள்க்கூட்டுக் கன்றுக்குத் தனி வாடிக்கையாளர் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது நினைவிருக்கும். அப்படியான வீட்டுத்தோட்டத்துக்கு ஐந்து மிளகாய், மூன்று கத்தரி, இரண்டு பாகல் என்று கேட்கும் ஆசிரியர்களும் தாதியரும் ஏக்கர்க்காரரைப்போலத் தவணை சொல்லமாட்டார்கள், விலை பேசவும் மாட்டார்கள். சனி, ஞாயிறில் கடைவாசலில் வைத்தாலே எடுத்துப் போவார்கள்.

வலையைத் திறக்கும் கிழமை

கடைசி ஏழு நாளில் தண்ணீரைக் குறையுங்கள், தட்டை நாளுக்கு நாள் கூடுதல் நேரம் வெளி வெயிலுக்குக் காட்டுங்கள். முதல் நாள் காலை இரண்டு மணி நேரம், கடைசி இரண்டு நாள் முழு வெயில். இலை கொஞ்சம் தடித்து, தண்டு அடியில் லேசாக ஊதா பாயும். அப்படிப் பழகாத கன்றை மணல் தரையில் நட்டால் முதற் பிற்பகலே தலை சாயும்.

தயாரா என்று பார்க்க ஒரு வழி. குழியின் அடித் துவாரத்தில் குச்சியால் மெல்லத் தள்ளி, கன்றை இலையில் பிடித்துத் தூக்குங்கள், தண்டில் பிடிக்காதீர்கள். கலவை உதிராமல் வெள்ளை வேர் பின்னிப் பிடித்த கட்டியாக வெளிவந்தால் சரி. உதிர்ந்தால் இன்னும் சில நாள். வேர் பழுப்பாகி வட்டமாகச் சுற்றியிருந்தால் பிந்திவிட்டது, அந்தத் தட்டைக் குறைந்த விலைக்குக்கூட விற்காதீர்கள். மலிவாக வாங்கியது மறந்துபோகும், காய்க்காதது மறக்காது.

கன்றோடு ஒரு துண்டுக் கடதாசியும் கொடுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன் தட்டுக்குத் தண்ணீர். பின்னேரம் நாலு மணிக்குப் பின் நடுகை. மிளகாயும் கத்தரியும் தட்டில் இருந்த ஆழத்திலேயே, தக்காளி விதையிலை வரை புதைத்தாலும் தண்டில் வேர்விடும். மூன்று நான்கு நாளைக்கு வாழைமடலோ தென்னோலைத் துண்டோ மறைப்புக்கு. அடியில் வைக்கோல்.

படிப்பும் பதிவும்

பயிற்சிக்குத் தூரம் போகத் தேவையில்லை. செங்கலடிச் சந்தியால் பதுளை வீதியில் திரும்பினால் கரடியனாறு விவசாயப் பயிற்சி நிலையம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம். டிப்ளோமா படிக்க விரும்பினால் பாலமுனையிலும் வவுனியாவிலும் இலங்கை விவசாயப் பாடசாலைகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். விதையும் நடுகைப் பொருளும் விற்பது 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் வருவதால், நாற்றுமேடைப் பதிவு பற்றியும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தட்டு ஒவ்வொன்றிலும் இனத்தின் பெயரும் விதைத்த திகதியும் இருக்கட்டும்: எம்.ஐ. 2, கே.ஏ. 2, திருநெல்வேலி ஊதா என்று. கலப்பின மிளகாயிலிருந்து நீங்களே எடுத்த விதையில் கன்று போட்டு அதே பெயரில் விற்காதீர்கள். இரண்டாம் தலைமுறை பலவிதமாகப் பிரியும், காய் ஒன்றுபோல் இராது.

முதல் மாரிக்கு 20 தட்டுக்கு மேல் போடவேண்டாம். விதை, தட்டு, பொலித்தீன், வலை எல்லாம் கார்த்திகை பிறக்குமுன் வீட்டில் இருக்க வேண்டும், மழை வலுத்த பின் ஓடித் திரிய முடியாது. விற்ற பத்தாம் நாள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து எத்தனை கன்று செத்தது என்று கேளுங்கள். மேலதிகமாகப் போட்ட தட்டிலிருந்து நூற்றுக்கு ஐந்து வரை இலவசமாக மாற்றிக் கொடுங்கள். அதே அழைப்பில் சிறுபோகத்துக்கு என்ன நடப்போகிறார், எந்தத் திகதி என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு நடப்போகிறவருக்கு மார்ச் நடுப்பகுதிக்குள் மிளகாய் விதை தட்டில் இருக்க வேண்டும்.